ஐந்தே முக்கால்

1988-ல் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். வட ஆற்காடு மாவட்டத்தை அப்போது இன்னும் பிரிக்கவில்லை. சில மாதங்களில் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஐபிஎம் 1983-ல் கொண்டுவந்த எக்ஸ்டி 10 எம்பி ஹார்டு டிஸ்க்குடன் வந்தது என்பார்கள். எங்களுடையது அந்த வழியில் இங்கே செய்த மெஷின். ஹார்டு டிஸ்க் கிடையாது; 360 கேபி பிளாப்பி போடுகிற இரண்டு டிரைவ் மட்டும். ஆபீசிலேயே ஏசி வைத்த ஒரே அறை அதற்குத்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

யாருக்கு வேலை போகும் என்றுதான் முதலில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எங்கள் கணக்குப்பிள்ளை ஐயா மட்டும் அதைப் பேசவில்லை. ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. லோட்டஸ் என்ற கணக்குத்தாள் மென்பொருளில் நான் இரண்டு மணி நேரம் ஏற்றியிருந்த கணக்கு முழுதும் போயிற்று. லோட்டஸ் தாள் மொத்தத்தையும் மெமரியில்தான் வைத்திருக்கும். நாமாகப் பிளாப்பியில் சேமித்தால்தான் உண்டு. ஐயா வந்து நின்று கேட்டார்:

“ஏன் தம்பி, கரண்ட் போனா பேரேடு அழியுமா?”

பதில் சொல்ல முடியவில்லை. அன்றுமுதல் பத்து வரிக்கு ஒருமுறை சேமிப்பேன்.

பெரிய சோதனை பிறகு வந்தது. தோலைச் சதுர அடியில் அளப்பார்கள், கால் அடி வரை. அளவுச் சீட்டில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது எத்தனை கால் என்பது. 5.3 என்றிருந்தால் ஐந்தே முக்கால். 6.1 என்றால் ஆறேகால். தோல் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. நான் அதை அப்படியே மெஷினில் அடித்தேன். 5.3-ம் 6.1-ம் சேர்ந்தால் 12 அடி. மெஷின் 11.4 என்றது. ஒரு லாட் முழுக்க இப்படிக் குறைந்துகொண்டே போக, இன்வாய்சுக்குப் போகும் முன் ஐயா பென்சிலால் கூட்டிப் பார்த்துப் பிடித்தார். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசி விற்கிற சரக்கு அது. அடி குறைந்தால் அவ்வளவும் நஷ்டம்.

“மெஷின் பொய் சொல்லல தம்பி. முக்கால்னு நீ அதுக்குச் சொல்லியே கொடுக்கல.”

அவரை எல்லோரும் கம்ப்யூட்டருக்கு எதிரி என்று நினைத்தார்கள். அது சரியில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. அந்த ஆபீசில் மெஷினைக் கணக்கு வைத்து எடைபோட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஏசியையும் திரையின் பச்சை எழுத்தையும் பார்த்தார்கள்.

இரவு உட்கார்ந்து ஒரு வழி கண்டேன். முழு எண்ணைத் தனியே எடுத்து, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை இரண்டரையால் பெருக்கிச் சேர்த்தால் .1 கால் ஆகும், .2 அரை, .3 முக்கால். மறுநாள் அந்த லாட்டைத் திரும்ப ஏற்றினேன். ஐயா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சீட்டு சீட்டாகப் பென்சில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். கூட்டுத்தொகை ஒத்துப்போனது.

ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனவர், போன மாதப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

“இதையும் போடு. நான் எங்கயாவது விட்டிருக்கேனான்னு பார்ப்போம்.”