ஒரே மணி நேரத்துக்கு இரண்டு சம்பளம்

இரண்டாவது வேலை பார்ப்பது தவறு என்று நான் நினைக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சை எடுத்தாலே ஒன்று கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பார்கள், இல்லையென்றால் அடுத்தவர் நாலு காசு பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை என்பார்கள். ராத்திரி ஆன்லைனில் வகுப்பு எடுப்பவர், சனி ஞாயிறில் டிசைன் செய்து கொடுப்பவர், சொந்தமாக ஒரு ஆப் எழுதி விற்பவர், இவர்கள் எல்லாம் தங்கள் நேரத்தைத் தாங்கள் விரும்பியபடி செலவழிக்கிறார்கள். அதில் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

நான் பேச வந்தது வேறு. வீட்டிலிருந்தபடியே இரண்டு கம்பெனிகளில், இரண்டிலும் முழுநேர ஊழியராக, இரண்டிலும் ஒரே அலுவலக நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒன்றுக்கு இன்னொன்று தெரியாமல் ஓட்டுவது. முதல் வேலைக்கு ஜே1, இரண்டாவதுக்கு ஜே2 என்று பெயர் வைத்துக்கொண்டு, இரண்டு லேப்டாப்பை அருகருகே வைத்து, மீட்டிங் மோதினால் என்ன சாக்குச் சொல்லலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது ஒன்றுதான்: "கொடுத்த வேலையை முடித்துவிட்டேன், மிச்ச நேரத்தில் நான் என்ன செய்தால் உனக்கென்ன?" இதில் பாதி நியாயம் இருக்கிறது. நாலு மணி நேரத்தில் வேலையை முடிப்பவருக்குப் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும் பரிசு இன்னும் நாலு மணி நேர வேலைதான், சம்பளம் ஏறுவதில்லை. வேகமாக முடித்ததை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நிர்வாகமே ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆனால் மீதிப் பாதி சரியில்லை. முழுநேர வேலை என்பது டிக்கெட்டுகளை, அதாவது பெயருக்குப் பதிவான வேலைகளை, முடித்து மூடுவது மட்டும் இல்லையே. ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பதில் சொல்ல ஆள் இருப்பது, சர்வர் விழுந்தால் எழுந்து வருவது, இன்னொருவர் எழுதிய ப்ரோகிராமை உட்கார்ந்து படித்துத் தப்பு எங்கே என்று காட்டுவது, இதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சம்பளம். இவை எந்த அறிக்கையிலும் வராது. அதனால்தான் இரண்டு வேலை பார்ப்பவர் முதலில் வெட்டுவது இவற்றைத்தான்.

என் டீமில் அப்படி ஒருவர் இருந்தார். திறமைசாலி, அதில் சந்தேகமே இல்லை. ஸ்டாண்டப் என்கிற காலை நேரக் குட்டி மீட்டிங் முடிந்ததும் ஆளைப் பிடிக்க முடியாது, கேள்வி கேட்டால் மதியத்துக்கு மேல் ஒரு வரி பதில் வரும், மீட்டிங்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் "நெட் போயிடுச்சு, திரும்பச் சொல்லுங்க" என்பார். புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு அவரைத்தான் வழிகாட்டியாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் சரியாகக் கேட்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கேட்பதையே நிறுத்திவிட்டார். ப்ரொபேஷன் முடியும்போது அந்தப் பெண்ணின் வேகம் போதாது என்று எழுதினார்கள், வேலை உறுதியாகவில்லை. வழிகாட்டி இன்னொரு கம்பெனியிலும் முழுநேரமாக இருந்தது அப்புறம்தான் தெரியவந்தது. அவரால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டால் பெரிதாக எதுவும் தேறாது. அந்தப் பெண்ணுக்கு ஆன நஷ்டத்தை யார் கொடுப்பது?

இந்த விவாதம் எப்போதும் ஊழியருக்கும் கம்பெனிக்கும் நடக்கும் சண்டையாகவே பேசப்படுவதுதான் எனக்கு உறுத்துகிறது. "கம்பெனிகள் விசுவாசம் காட்டினவா? ஒரே மெயிலில் ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்புகிறார்களே" என்று கேட்கிறார்கள். உண்மை, அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஒரு சம்பளம் நின்றால் இன்னொன்று இருக்கட்டும் என்று நினைப்பவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் லேஆஃப் செய்த அதிகாரி ஒருபோதும் இதற்கு விலை கொடுப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான், அதே லேஆஃப் பயத்தோடு, நம் பங்கையும் சேர்த்து இழுக்கிறார்.

சரி, தலைவர்கள் மட்டும் இரண்டு கம்பெனி நடத்தலாமா? இதுவும் நல்ல கேள்வி. ஜாக் டோர்சி 2015 முதல் 2021 வரை ட்விட்டர், பணப்பரிவர்த்தனை நிறுவனமான ஸ்கொயர் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தார். மேலே இருப்பவருக்கு ஒரு நீதி, கீழே இருப்பவருக்கு ஒரு நீதி என்று எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் 2020-ல் எலியட் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிறுவனம், ட்விட்டருக்கு முழுநேரத் தலைவர் வேண்டும் என்று அவரை மாற்ற நெருக்கியது. விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், பாதிக்கப்படுகிறோம் என்று நினைத்தவர்களால் கேட்க முடிந்தது. மறைக்கும்போது அந்தக் கேள்விக்கே இடம் இல்லாமல் போகிறது.

2022-ல் விப்ரோ 300 பேரை நீக்கியது, போட்டி நிறுவனங்களுக்கும் அதே நேரத்தில் வேலை பார்த்தார்கள் என்று. அப்போது விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி பேசியதில் ஏமாற்று என்ற சொல்லைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். வார இறுதியில் இசைக்குழுவில் வாசிப்பதையோ ஒரு ப்ராஜெக்ட் செய்வதையோ வெளிப்படையாகப் பேசிக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார், அது யார் காதிலும் விழவில்லை. அதே ஆண்டு ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனம், யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று சரிபார்க்கத் தான் விற்கும் தரவுத்தளத்தைத் தன் ஊழியர்கள்மேலேயே பயன்படுத்தி 24 பேரை அனுப்பியது. இது எனக்கு ஒப்பவில்லை. ஒருவர் மறைத்தார் என்பதற்காக எல்லோருடைய சம்பள விவரத்தையும் துழாவலாம் என்று ஆகிவிடக் கூடாது. ஆனால் நடப்பது அதுதான். சிலர் கம்ப்யூட்டர் முன் இருப்பதுபோல் காட்ட மவுஸைத் தானாக ஆட்டும் கருவி வாங்குகிறார்கள், கம்பெனி கண்காணிப்பு மென்பொருள் வாங்குகிறது, கடைசியில் ஒழுங்காக வேலை செய்பவர் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் ஆள் இல்லை என்று ஸ்டேட்டஸ் மஞ்சளாகிவிடுமோ என்று பதறுகிறார். 2024-ல் வெல்ஸ் ஃபார்கோ என்ற அமெரிக்க வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோல் போலியாகக் காட்டியதாக ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை நீக்கியது. இப்படி ஒவ்வொரு சம்பவம் வெளியே வரும்போதும், வீட்டிலிருந்து வேலை வேண்டாம், எல்லோரும் ஆபீசுக்கு வாருங்கள் என்று சொல்பவர்கள் கை ஓங்குகிறது. உடல்நிலை காரணமாகவோ குழந்தை காரணமாகவோ ரிமோட் வேலையை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, பலர் கவனிப்பதே இல்லை. மென்பொருள் துறையில் பெரும்பாலான வேலை ஒப்பந்தங்களில், பணிக்காலத்தில் நீங்கள் எழுதும் ப்ரோகிராம் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒரு பிரிவு இருக்கும். இரண்டு இடத்தில் அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால், மதியம் இரண்டு மணிக்கு எழுதிய ஒரு வரி யாருடையது? மாட்டிக்கொண்டால் வேலை போவதோடு நிற்காமல் வழக்கு வரைக்கும் போகலாம்.

சட்டம் இதை எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1152 என்ற ஆணையின் 9-வது பிரிவு நல்ல எடுத்துக்காட்டு. தன் பணி நேரத்துக்கு வெளியே ஒருவர் இன்னொருவரிடம் வேலை பார்ப்பதை முதலாளி தடுக்கக் கூடாது, அதற்காக அவரைத் தண்டிக்கவும் கூடாது என்கிறது அது. உடல்நலம், தொழில் ரகசியம், நலன் முரண்பாடு மாதிரியான உண்மையான காரணம் இருந்தால் மட்டும் கட்டுப்பாடு வைக்கலாம். எனக்கு இது முழுக்க ஏற்புடையது. உன் நேரம் உன்னுடையது, ஆனால் விற்ற நேரத்தை மறுபடி விற்காதே.

எங்கும் எப்போதும் வேறு வேலை கூடாது என்று ஆஃபர் லெட்டரில் ஒரே வரியில் எழுதிவைக்கும் கம்பெனிகளும் இதில் பாதிப் பொறுப்பை ஏற்க வேண்டும். அந்த வரியைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது, மறைக்கத்தான் தோன்றும். எது முரண்பாடு என்று தெளிவாக எழுதட்டும். அனுபவம் உள்ளவர்களுக்கு வாரம் இருபது மணி நேர ஒப்பந்தம் கொடுக்கட்டும், இப்போது அப்படிக் கேட்டாலே வேலையில் ஆர்வம் இல்லாதவர் என்று ஒதுக்குகிறார்கள். நாலு மணி நேரத்தில் முடிக்கிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டு, இரண்டு இடத்திலும் பாதி நாள் வேலை பார்த்து, அந்தப் பாதி நாளில் கேட்டவருக்குப் பதில் சொல்ல முடிந்தால், அதில் என்ன தவறு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.