எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்த கதை

கடலூர் புதுப்பாளையத்தில், கெடிலம் ஆற்றுப் பக்கம் இறங்கும் ஒரு சின்னத் தெரு எங்களுடையது. ஐப்பசி பிறந்தால் எங்களுக்கு ஒரே கவலை, இந்த முறை தண்ணீர் எத்தனை படி ஏறும் என்பதுதான். 2015 வெள்ளத்தில் ஊரே தத்தளித்தது, அதைச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் விடாமல் பெய்தாலே சாக்கடையும் மழைத் தண்ணீரும் கலந்து வாசலுக்கு வந்துவிடும். நான்கு நாளானாலும் போகாது.

மனு கொடுக்காமல் இல்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று இரண்டு தடவை கொடுத்தேன். இரண்டு தடவையும் ஆட்கள் வந்து வாய்க்கால் மண்ணை அள்ளிப்போட்டார்கள். அடுத்த மழைக்குப் பழையபடிதான். தெருவிளக்கு, நாய்த்தொல்லை, குடிநீர் என்று எட்டுக் குறைகளை ஒரே தாளில் எழுதியிருந்தேன். படிக்கிறவர் எதை என்று பார்ப்பார்?

2021இல் கடலூர் மாநகராட்சி ஆனது. 2022 பிப்ரவரியில் 45 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்து, எங்கள் வார்டில் ஒரு அக்கா ஜெயித்தார். அந்த நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, தெருக்காரர்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபாக் கூட்டம் போட்டார்கள். எட்டுக் குறைகளையும் வாசிக்க ஆரம்பித்தேன். அக்கா இடையில் நிறுத்தி, "தம்பி, இதுல எது தாங்க முடியலையோ அதை மட்டும் சொல்லுங்க" என்றார். தண்ணீர் என்றோம். "அப்ப மழை பெய்யும்போது போன் பண்ணுங்க. காஞ்ச தெருவைப் பார்த்து எனக்கு என்ன தெரியும்?"

பத்து நாளில் நல்ல மழை. விடியற்காலையில் போன் செய்தேன். ஆறரை மணிக்கெல்லாம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஒரு சவுக்குக் கம்போடு வந்து நின்றார். தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசலாகக் கம்பை வாய்க்காலுக்குள் விட்டுப் பார்த்தார். திறந்த இடத்தில் மூன்றடி இறங்கிய கம்பு, நான்காவது வீட்டுச் சிலாப்புக்கு அடியில் அரையடியில் முட்டியது. ஆறாவது வீட்டிலும் அப்படித்தான். வண்டி ஏற்றுவதற்காக அவரவர் போட்ட சிலாப்புகளுக்கு அடியில் மண்ணும் தேங்காய் மட்டையும் இறுகிப்போய்க் கிடந்தன. அள்ளுகிறவர்களின் மண்வெட்டி அங்கே நுழையவே முடியாது. ஆறாவது வீடு எங்களுடையது. நான் பைக் வாங்கிய வருஷம் அப்பா போட்ட சிலாப் அது. அக்கா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

அப்புறம்தான் முறை என்னவென்று புரிந்தது. கவுன்சிலர் கையெழுத்துப் போட்டால் பணம் வந்துவிடாது. பொறியாளர் வந்து பார்த்து எஸ்டிமேட் போட வேண்டும், மன்றத்தில் ஒப்புதல் வேண்டும், பிறகு டெண்டர். ஒவ்வொரு இடத்திலும் கேட்டு நகர்த்துவதுதான் அவர் வேலை. அதற்கு எங்களிடமிருந்து ஒரு நல்ல தாள் கேட்டார். டேப் வைத்து பதினான்கு வீட்டு வாசலையும் அளந்தேன். எந்தச் சிலாப் எத்தனை அடி, அடியில் எவ்வளவு மண் என்று ஒரு வரைபடம் போட்டு மனுவோடு வைத்தோம். பொறியாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தெருவில் நடந்தார்.

மூன்று வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடவில்லை. சிலாப்பை எடுத்தால் வண்டியை எங்கே ஏற்றுவது என்றார்கள். நியாயமான கேள்விதான். அக்கா மூன்று வீட்டுக்கும் சாயங்காலத்தில் போய் உட்கார்ந்து பேசினார். தேவைப்படும்போது தூக்கி வைக்கிற மாதிரி இரும்புக் கிராதி போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னதும் இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுச் சிலாப்பைத்தான் முதலில் உடைத்தோம். அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

வேலை முடியப் பங்குனி ஆகிவிட்டது. கெடிலம் நிறைந்து ஓடி, தேவனாம்பட்டினத்தில் கடலும் ஏறியிருந்தால் இப்போதும் வாய்க்கால் தண்ணீர் வெளியே போகாது. அதை எந்தக் கவுன்சிலராலும் மாற்ற முடியாது. மற்றபடி, காலையில் நின்ற மழைக்குச் சாயங்காலம் தரை தெரிகிறது. ஒத்துக்கொள்ளாத அந்த ஒரு வீட்டுச் சிலாப் மட்டும் அப்படியே இருக்கிறது. மகன் பொங்கலுக்கு வரும்போது பேசி முடிவு செய்வதாக அந்த வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.