குழாய் வாயில் ஓர் உதடு

2004 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் என் கைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. 1.8 லிட்டர் டர்போ, சிலிண்டருக்கு 5 வால்வு, 150 குதிரைத்திறன். எஞ்சின் இன்றைக்கும் கெட்டி. தளர்ந்து போனது ரப்பர் ஹோஸ்கள்தான். காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்து அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டிலுக்கும் காற்றைக் கொண்டு போகிறவை. எஞ்சினின் மூச்சுக்குழாயான பிரீதர் வழியாக வரும் எண்ணெய் ஆவியிலேயே வருடக்கணக்கில் ஊறி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தன.

நின்ற இடத்தில் வண்டி ஒழுங்காகத்தான் ஓடும். மூன்றாம் கியரில் மிதித்தால் மட்டும் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், பின்னால் கறுப்புப் புகை, இழுவை இல்லை. ஸ்கேனரில் பி1297 என்று வந்தது. டர்போவுக்கும் திராட்டிலுக்கும் நடுவே அழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். இந்த எஞ்சின் உள்ளே வரும் காற்றை ஃபில்டருக்கு அடுத்தே அளந்துவிடும், அந்தக் கணக்குக்குத்தான் பெட்ரோல் ஊற்றும். அளந்த காற்று வழியில் கசிந்தால் பெட்ரோல் மிஞ்சும், புகைதான் வரும்.

சரி, அலுமினியக் குழாயே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். குதிரைத்திறன் கூடும் என்பதற்காக இல்லை. குழாயை மட்டும் மாற்றினால் பெரிதாக எதுவும் கூடாது. கோவை வெயிலில் டர்போவை விட்டு வெளியே வரும் காற்று எளிதாக 100 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் உப்பாமல், பிளக்காமல் தாங்க வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். இரண்டரை அங்குலம் போடச் சொன்ன நண்பர்களும் உண்டு. நான் 2 அங்குலத்திலேயே நின்றேன். இரண்டரை அங்குலக் குழாயின் கொள்ளளவு ஒன்றரை மடங்குக்கும் மேல். அத்தனையையும் டர்போ ஒவ்வொரு தடவையும் நிரப்பியாக வேண்டும், இழுவை வரத் தாமதமாகும்.

உள்ளே அச்சு வைத்து, நசுங்காமல் வளைத்த குழாய்த் துண்டுகளை வாங்கிக் கொண்டு கணபதியில் ஓர் ஆர்கான் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அண்ணன் வெட்டி, சேர்த்து, பற்றவைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே கேட்டார்: “வாயில உதடு எடுக்க வேண்டாமாங்க தம்பி? வழவழன்னு இருக்குதே, ஹோஸ் நழுவிரும்ங்க.” உதடு என்றால் ஹோஸ் நழுவாமல் இருக்கக் குழாய் வாயைச் சுற்றி எழுப்பும் சின்ன மேடு. கிளிப்பை நன்றாக முறுக்கினால் போதும் என்று நான் அவசரப்பட்டேன்.

அந்த ஞாயிறே ஆழியாறிலிருந்து வால்பாறை மலை ஏறினேன். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ‘டொப்’ என்று ஒரு வெடிச்சத்தம். எஞ்சின் திணறி நின்றது. டர்போ பக்கத்து ஹோஸ் குழாயை விட்டு முழுசாகக் கழன்று தொங்கியது. மேலே பாறையில் இரண்டு வரையாடுகள் நின்று பார்த்துக் கொண்டிருந்தன. ஹோஸைத் திரும்ப மாட்டி, மிதிக்காமல் உருட்டிக் கொண்டே இறங்கினேன்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 அங்குல வாயின் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். 0.7 பார் அழுத்தத்தில் அந்த ஹோஸைப் பிடுங்கி எறியப் பார்க்கும் விசை ஏறக்குறைய 14 கிலோ. வழுக்கும் அலுமினியத்தில் கிளிப்பின் பிடியை மட்டும் நம்ப முடியாது.

திங்கட்கிழமை காலையிலேயே பட்டறையில் நின்றேன். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. குழாயை மெதுவாக உருட்டிக் கொண்டே, வாயிலிருந்து அரை விரற்கடை உள்ளே தள்ளி, சுற்றிலும் ஒரே சீராக வெல்டிங் ஓட்டினார். அப்புறம் அரத்தால் அதை வளையல் மாதிரி உருட்டி எடுத்தார். கடைசியில் கண்ணை மூடிக் கொண்டு கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே மட்டும் இன்னும் நாலு இழுப்பு. எட்டு வாய்களுக்கும் அப்படித்தான்.

இந்தத் தடவை டர்போ பக்கத்துக்கு, எண்ணெய் தாங்கும் உள்பூச்சு உள்ள சிலிக்கான் ஹோஸ். மாட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஸ்பிரிட்டால் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் சிலிக்கான் வழுக்கும். உதட்டுக்கு உள்பக்கமாக டி-போல்ட் கிளாம்ப். குழாய் முனைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டேன், எஞ்சின் மவுண்ட்டில் ஆடும்போது ஹோஸ் வளைந்து கொடுக்க வேண்டுமே.

கசிவு பார்க்க, பிவிசி மூடியில் டியூப்லெஸ் வால்வு பொருத்தி டர்போவின் வாயை அடைத்தேன். பிரீதரையும் அடைத்துவிட்டு 10 பிஎஸ்ஐ, அதாவது அதே 0.7 பார் அளவுக்குக் காற்று ஏற்றி, சோப்பு நீர் தெளித்தேன். ஓர் இடத்தில் மட்டும் கடுகளவு நுரை வந்தது. அரைச் சுற்று முறுக்கியதும் நின்றது. பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் ஹோஸிலிருந்து குழாய் வரைக்கும் வெள்ளை மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு போட்டேன், ஹோஸ் நழுவினால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும்.

போன ஞாயிறு மறுபடியும் அதே மலை. இந்தத் தடவை மிதித்தேதான் ஏறினேன். ஒன்பதாவது வளைவில் ஓரம்கட்டி பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டுக் கோடுகளும் போட்ட இடத்திலேயே நேராக இருந்தன. அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மிச்ச 31 வளைவுகளையும் ஏறினேன்.