கச்சானுக்குத் திறந்த ஃபிரிட்ஜ்

ஆனி, ஆடியில் திருகோணமலையில் இருந்தவர்களுக்குக் கச்சான் என்கிற சுடுகாற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காற்று அள்ளி வீசும், ஆனால் கொடியில் போட்ட சாரம் விறைத்துப்போய் நிற்கும். பக்கத்தில் கடல் இருந்தும் ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்படியொரு பின்னேரம் பெரியம்மா ஃபிரிட்ஜைத் திறந்து, முன்னால் கதிரை போட்டு, மரக்கறித் தட்டுக்கு மேல் காலை நீட்டிக்கொண்டிருந்தார். கூட்டுவதற்காகச் சுவரைவிட்டு இழுத்த ஃபிரிட்ஜ், திரும்பத் தள்ள ஆளில்லாமல் ஹோலின் நடுவிலேயே நின்றது. அதன் முதுகுப்பக்கம் பெரியப்பாவின் சாய்மனைக் கதிரை.

“இஞ்சருங்கோ, வீடே குளிர்ந்துபோச்சு.”

“எனக்கு அவியுது.”

“நான் என்ன சொன்னாலும் மறுத்துச் சொல்லத்தானே வேணும் உங்களுக்கு.”

இந்த நேரம் பார்த்துத்தான் தம்பி டியூசன் முடிந்து, காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறான். மற்ற நாட்களில் சோற்றுக்கு மட்டும் வாய் திறக்கிற பிள்ளை, “முதல்ல தொகுதி எது, அதின்ர எல்லை எங்க எண்டு சொல்லுங்கோ” என்று தொடங்கினான். தொகுதி என்றால் கணக்குக்கு எடுக்கிற பகுதி, அதற்கு வெளியே இருப்பதெல்லாம் சூழலாம்.

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லையாம். உள்ளே இருக்கிற வெப்பத்தை எடுத்துப் பின்னால் கொட்டுகிறது, அவ்வளவுதான். கதவு திறந்திருந்தால் மோட்டார் நிற்காமல் ஓடும், அது தின்கிற கரண்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஆகவே வீட்டை முழுசாக ஒரு தொகுதி என்று எடுத்தால், வீடு சூடாகிக்கொண்டே போகிறது. பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “என்ர காலுக்குக் குளிருதே, அது பொய்யோ?” என்றார் பெரியம்மா. அதுவும் பொய்யில்லை.

அப்புறம் மூடி திறக்காத சோடாப் போத்தல் மூடிய தொகுதி, சூடு போய்வரும், சோடா போகாது என்றான். பிளாஸ்க், வெப்பமும் பொருளும் இரண்டுமே போய்வராத தனித்த தொகுதிக்குக் கிட்ட வருமாம். “கிட்டத்தான். விடிய ஊத்தின தேத்தண்ணி பின்னேரம் ஆறித்தானே கிடக்குது?” பெரியம்மா கேட்டதற்குத் தம்பியிடம் பதில் இல்லை. என் கணக்கில் அந்தச் சுற்று பெரியம்மாவுக்கு.

“சரி, இந்தக் கச்சான் ஏன் இப்பிடிச் சுடுது?” என்றார் பெரியப்பா.

தம்பி சைக்கிள் பம்பை எடுத்து, வாயை விரலால் பொத்தி நாலு தரம் வேகமாக அடித்து, அடிப்பக்கத்தைப் பெரியப்பாவின் கையில் வைத்தான். சுட்டது. நெருப்பில்லை, வெயிலில்லை. அமுக்கிய வேலைதான் சூடாகியிருக்கிறது, வெளியே போக அதற்கு நேரம் கிடைக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் ஏறும்போது விரிந்து குளிர்ந்து, அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடும். நீராவி மழையாகும்போது விடுகிற வெப்பம் காற்றிலேயே தங்குவதால் ஏறுகையில் அவ்வளவாகக் குளிராது. இந்தப் பக்கம் காய்ந்த காற்றாக இறங்கும்போது அமுங்கி, ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் 10 பாகை செல்சியஸ் சூடேறும். புறப்பட்டதைவிடச் சூடாகத்தான் எங்களிடம் வந்து சேரும்.

“அப்ப மழை மலைநாட்டு ஹற்றனுக்கு, அவியல் எங்களுக்கோ?” பெரியப்பாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

ஃபிரிட்ஜின் முதுகு வெளியே இருந்தால் வீடு குளிருமா என்று கேட்டார். ஏசி அப்படித்தான் வேலை செய்கிறது என்று தம்பி வாய்விட்டுவிட்டான். பெரியப்பா உடனே அளவு நாடாவோடு யன்னலடிக்குப் போனார். மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணை அளக்கிறியள்? சூடெல்லாம் எங்கட குசினிக்குள்ள எல்லே வரும்?”

“அது எங்கட தொகுதியில்லை, பிள்ளை. சூழல்,” என்றார் பெரியம்மா, காலை எடுக்காமலே.