கிளாக் 19-ஆ, எம் அண்ட் பி-யா? பயிற்சிக்கு நான் எடுத்த பிஸ்டல்

மூன்று மாதம் ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்தில், இரண்டு பிஸ்டல்களை மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். போன சனிக்கிழமை ஒன்றை வாங்கியும் ஆயிற்று. ஒன்று கிளாக் 19 ஐந்தாம் தலைமுறை, இன்னொன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 2.0 காம்பாக்ட். டெக்ஸாஸில் எங்கள் ரேஞ்சுக்கு வரும் நம்ம ஊர்க்காரர்கள் சிலர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள், அதனால் நான் யோசித்தது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். வேலை விசாவில் இருப்பவர்கள் சில விதிவிலக்குகள் தவிர இங்கே துப்பாக்கி வாங்க முடியாது. கிரீன் கார்டு வந்த பிறகுதான் நானும் கடையில் உட்கார்ந்து, துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 என்ற அரசாங்கப் படிவத்தை நிரப்பினேன். ஊரில் இந்த மாதிரி 9 மி.மீ. பிஸ்டல் சாதாரண ஆட்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது, தடை செய்யப்பட்ட ரகம், அதனால் அம்மாவிடம் போனில் சொன்னதும் "உனக்கு எதுக்குடி அதெல்லாம்" என்றுதான் ஆரம்பித்தார். இலக்கைப் பார்த்துச் சுடுவது எனக்குப் பிடித்திருக்கிறது, ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன் என்றேன். சரி, பத்திரம் என்றார்.

இரண்டுமே பாலிமர் பிஸ்டல்கள். கைப்பிடியும் அதோடு சேர்ந்த சட்டமும்தான் பிளாஸ்டிக், மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடும் உள்ளே இருக்கும் குழலும் எஃகு, அதனால் மெட்டல் டிடெக்டரில் சிக்காது என்று சொல்வதெல்லாம் கட்டுக்கதை. பாலிமர் பிஸ்டலை முதலில் செய்ததும் கிளாக் இல்லை, ஹெக்லர் அண்ட் கோக் 1970-லேயே விபி70 என்று ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் கிளாக் 17-ஐ எடுத்துக்கொண்ட பிறகுதான் உலகம் பூராவும் இந்த வகை பரவியது. அதன் சின்ன வடிவம்தான் 1988-இல் வந்த 19. எம் அண்ட் பி 2005-இல் வந்தது, 2.0 வந்தது 2017-இல். கிளாக்கின் ஐந்தாம் தலைமுறையும் அதே வருடம்தான்.

காகிதத்தில் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் மேகசினில் (கைப்பிடிக்குள் மாட்டும் தோட்டாக் கூடு) 15 தோட்டா, குழல் சுமார் 4 அங்குலம், எங்கள் பக்கத்துக் கடைகளில் இரண்டும் 500-லிருந்து 600 டாலருக்குள். கிளாக் காலி மேகசினோடு ஏறக்குறைய 675 கிராம், எம் அண்ட் பி அதைவிடக் கொஞ்சம் கனம். இந்த எண்களை வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்து இரண்டு வாரம் வீணாக்கினேன். பயிற்சிக்கு என்று வாங்கும்போது விலையே பெரிய விஷயம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 150 தோட்டா என்று கணக்கு வைத்தால் வருடத்துக்கு 3,900 ஆகிறது, ஒரு தோட்டா 25 சென்ட் என்றாலும் கிட்டத்தட்ட ஆயிரம் டாலர் தோட்டாவுக்கே போய்விடும். அத்தனை தடவை கையில் பிடிக்கப் போகிற சாமான் கைக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

என் கை சின்னது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை கைப்பிடியின் மேல் விளிம்பில் நன்றாக ஏறி உட்கார வேண்டும், குழலும் முன்கை எலும்பும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அப்படிப் பிடித்துவிட்டு ட்ரிக்கருக்கு விரலை நீட்டினால் கிளாக்கில் என் விரல் நுனி மட்டும்தான் படுகிறது. ஐந்தாம் தலைமுறையில் கைப்பிடிக்குப் பின்னால் மாட்டும் துண்டுகள் தருகிறார்கள், ஆனால் அவை கைப்பிடியைப் பெரிதாக்கத்தான் உதவும், வெறும் சட்டம்தான் இருப்பதிலேயே சின்னது. நுனியால் அழுத்தும்போது என்னை அறியாமலேயே பிஸ்டலை இடது பக்கம் தள்ளுகிறேன். 7 கஜத்தில் தொங்கவிட்ட காகிதத்தில் ஓட்டைகள் எல்லாம் கூட்டமாகத்தான் விழுந்தன, ஆனால் நடுவிலிருந்து இரண்டு விரற்கடை இடது பக்கம் தள்ளி. விரல் எட்டட்டும் என்று கையைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன், அப்போது சுடும்போது வரும் உதை முழுக்கக் கட்டைவிரல் மூட்டில் விழுந்து சாயங்காலம் வரை வலித்தது.

எம் அண்ட் பி-யில் நாலு அளவில் துண்டுகள் வருகின்றன. ரேஞ்ச் கவுன்டரில் இருந்தவர் பொறுமையாக, கைப்பிடியின் அடியில் இருக்கும் ஊசி மாதிரியான கருவியைத் திருகி இழுத்து, இருந்ததை எடுத்துவிட்டு இருப்பதிலேயே சின்னதை மாட்டிக் கொடுத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விரலின் முதல் கணுவுக்கு முன்னால் இருக்கும் மெத்தையான பகுதி ட்ரிக்கரில் சரியாக உட்கார்ந்தது, ஓட்டைகளும் நடுவுக்கு வந்தன. அன்றைக்கே பாதி முடிவு செய்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கைப்பிடியின் சாய்வையும் சொல்ல வேண்டும். காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் கண்ணை மூடி பிஸ்டலைத் தூக்கி நீட்டிவிட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். எனக்கு கிளாக்கில் முன் குறி, அதாவது குறி பார்க்க ஸ்லைடின் முனையில் இருக்கும் சின்ன மேடு, எப்போதும் மேலே தூக்கிக்கொண்டு நின்றது, மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருந்தது. எம் அண்ட் பி நேராக வந்து நின்றது. இது கிளாக்கின் கோளாறு இல்லை, ஆயிரம் தடவை தூக்கினால் கை தானாகப் பழகிவிடும், அதிலேயே கற்றுக்கொண்டவர்களுக்கு மற்றதெல்லாம் கீழே குனிவதாகத் தோன்றும்.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் பெரியது. சுத்தம் செய்யப் பிரிக்கும்போது கிளாக்கில் ட்ரிக்கரை ஒரு தடவை அழுத்தியே ஆக வேண்டும், அதற்கப்புறம்தான் ஸ்லைடு கழன்று வரும். ஒரு வகுப்பில் என் பக்கத்து மேஜைக்காரர் முதலில் ஸ்லைடை இழுத்தார், ஒரு தோட்டா வெளியே குதித்தது, பிறகு மேகசினைக் கழற்றினார், காலி என்றார். பயிற்சியாளர் நிறுத்தச் சொல்லிவிட்டு, தானே வாங்கி ஸ்லைடை மறுபடி இழுத்தார். இன்னொரு தோட்டா மேஜையில் விழுந்து உருண்டது. மேகசின் உள்ளே இருக்கும்போதே இழுத்ததால் அடுத்த தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடத்துக்குள், ஏறிவிட்டிருந்தது, வரிசை மாறியதுதான் தப்பு. அந்த மனிதரின் முகம் வெளிறிப் போனதை நான் மறக்கவே மாட்டேன். இன்னும் இரண்டு நொடியில் பிரிப்பதற்காக ட்ரிக்கரை அழுத்தியிருப்பார்.

எம் அண்ட் பி-யில் ஸ்லைடைப் பின்னால் பூட்டி, பிரிக்கும் லீவரைத் திருப்பி, முன்னே சொன்ன ஊசிக் கருவியால் உள்ளே இருக்கும் ஒரு சின்ன லீவரைக் கீழே தள்ளினால் போதும், ட்ரிக்கரைத் தொட வேண்டியதில்லை. ஸ்லைடு திறந்தே இருப்பதால் சேம்பரும் கண் முன்னால் தெரிகிறது. ஒழுங்காகச் செய்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், மேகசினை முதலில் கழற்று, சேம்பரைக் கண்ணால் பார், விரலால் தொட்டுப் பார் என்பது எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும். ஆனால் பயிற்சிக்கு எடுப்பவர் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பப் பிரித்து மாட்டப் போகிறார், களைத்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலும் பிரிப்பார். எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பையன் இருக்கிறான். பிஸ்டல் பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு பெட்டியில் வேறு அறையில் என்றுதான் வைத்திருக்கிறோம், இருந்தாலும் அந்த ஒரு அழுத்தம் தேவையில்லை என்றால் எனக்கு நிம்மதி.

கிளாக் பக்கமும் சொல்கிறேன், அதில் நிஜமாகவே மனசு ஊசலாடியது. எந்தக் கடைக்குப் போனாலும் உறை, மேகசின், உதிரி பாகம், மாற்றுக் குறி எல்லாம் கிளாக் 19-க்குத்தான் முதலில் கிடைக்கும். அதைவிட முக்கியம் கிளாக் 44. அது 19-இன் அதே அளவு, அதே பிடி, ஆனால் .22 என்னும் சின்ன ரகத் தோட்டா. .22 ரொம்ப மலிவு, உதையும் கிட்டத்தட்ட இல்லை, அதே உறையில் வைத்துப் பழகலாம். எம் அண்ட் பி-யின் .22 காம்பாக்ட் பெரியதைவிடச் சின்ன உருவம், அதே பிடி கிடைக்காது. உங்கள் கைக்கு கிளாக் பொருந்தினால் இந்த ஒரு காரணத்துக்காகவே அதை எடுங்கள் என்பேன்.

எம் அண்ட் பி-யில் எனக்கு ஒரு குறை உண்டு, கைப்பிடியின் சொரசொரப்பு. உப்புத்தாள் மாதிரி இருக்கும். ஆகஸ்ட் வெயிலில் வெளி ரேஞ்சில் வியர்வைக் கையோடு பிடிக்கும்போது நழுவவே நழுவாது, ஆனால் 200 தோட்டா தாண்டினால் உள்ளங்கை சிவந்து எரியும். அப்புறம் இரண்டுக்குமே மேகசினில் கடைசி மூன்று தோட்டாவைத் திணிக்கக் கட்டைவிரல் நோகும், தோட்டாவை உள்ளே தள்ள உதவும் லோடர் ஒன்றைக் கூடவே வாங்கிவிடுங்கள்.

வாங்கியது எம் அண்ட் பி. தினமும் ராத்திரி பையன் தூங்கிய பிறகு பத்து நிமிஷம் டிரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமல் ட்ரிக்கரை அழுத்திப் பழகுவது, அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. முன் குறிக்குப் பக்கத்தில் ஸ்லைடின் மேல் என் கணவர் பக்கவாட்டில் நின்று ஒரு சென்ட் காசை வைப்பார், நான் மெதுவாக அழுத்துவேன், மறுபடி ஸ்லைடை இழுத்துவிட்டு மறுபடி காசு. முதல் வாரம் பத்துக்கு மூன்று தடவைதான் காசு நின்றது. நேற்று எட்டு.