பன்னிரண்டு நூல்

"வெட்டினாயா தம்பி, மறைத்தாயா?" என்று கேட்டார்.

"மறைத்துத்தான் இருக்கிறேன் அண்ணா. வெட்டவில்லை."

"சரி" என்றார்.

பேச்சு இவ்வளவுதான். அதன் பிறகு அவர் கடையில் டீ குடித்தார், குடையை மறந்துவிட்டுப் போனார், திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். கோபப்பட்டவர் குடைக்காகத் திரும்பி வருவாரா என்று கொஞ்ச நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். மலையில் மே மாத மழையில் கோபக்காரனுக்கும் குடை வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

படங்களுக்குச் சட்டம் போடும் எங்கள் தொழிலில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எந்தச் சட்டத்துக்கும் உள்பக்கம் ஒரு பள்ளம் உண்டு. கண்ணாடியும் படமும் அதில்தான் உட்கார வேண்டும். ஆகவே நாலு பக்கமும் இரண்டு நூல் மறைந்தே தீரும். கல்யாணப் படத்தில் ஓரமாக நிற்கும் சித்தப்பாவின் பாதித் தோள் காணாமல் போவது இதனால்தான். அதற்காக எந்தச் சித்தப்பாவும் என் கடைக்குச் சண்டைக்கு வந்ததில்லை. அன்றைக்கு அவரிடம் இந்த இரண்டு நூல் கணக்கைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. வெட்டினாயா, மறைத்தாயா என்பதை மட்டும் கேட்டார்.

அவர் பெயர்ப் பலகை எழுதியவர். பெட்போர்டிலிருந்து கீழ்க் குன்னூர் வரை பாதிக் கடைகளின் பலகைகளில் ஒரு காலத்தில் அவர் எழுத்து இருந்தது. 'ழ'வின் வாலை அவர் மாதிரி இழுக்க ஆளில்லை. ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை போயிற்று. கோயில் சுவர், பள்ளிக்கூடத்துத் திருக்குறள், லாரியின் பின்பக்கம் என்று கொஞ்ச நாள் ஓட்டினார். வீட்டில் தனக்காகப் படம் வரைகிறார் என்பது பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டபோது, "நெஞ்சில் ஏதாவது அடைத்துக்கொண்டால் வரைவேன். அடைப்பு இல்லாத மாதத்தில் வரைவதில்லை" என்றார். கடையின் இடதுபக்கச் சுவரில் இரண்டு வாரம் மாட்டிப் பார்ப்போமா என்று கேட்டது நான்தான். பதினொரு படங்கள் கொண்டுவந்தார்.

அது இ-பாஸ் வந்த வருடம். 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து பாஸ் எடுக்காமல் வெளியூர் வண்டி மலை ஏறக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. மலைக்கு அது நல்லதுதான், நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மே மாதம் என் கல்லாப்பெட்டி என்ன சொன்னது என்பது வேறு. சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சிக்கு வருகிற கூட்டத்தில் நாலு பேர் உள்ளே வந்தால் போதும் என்றிருந்தது. பதினொரு சட்டத்துக்கும் மரம், கண்ணாடி, ஹார்டுபோர்டு எல்லாம் என் காசு. படம் விற்றால் சட்டத்தின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவரிடம் கொடுப்பது என்று பேச்சு. விற்காவிட்டால் பதினொரு சட்டமும் என் தலையில். இதை நியாயத்துக்காகச் சொல்லவில்லை. சரி, நியாயத்துக்காகத்தான் சொல்கிறேன்.

எட்டாவதாக விரித்த படம் முழுக்கப் பழுப்பு. டஸ்ட் டீத்தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து, அந்தச் சாயத்தைத் தாளில் ஏழெட்டு முறை பூசிக் காயவைத்திருந்தார். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த இடத்தில் ஒரு விளிம்பு விட்டிருந்தது. தள்ளி நின்று பார்த்தால் அவை சரிவுகளாகவும் பனியாகவும் தெரிந்தன. வெயில் பட்டால் இந்தச் சாயம் மங்கும் அண்ணா என்றேன். மங்கட்டும் என்றார். கீழ் ஓரத்தில் மட்டும், ஓர் அங்குல உயரத்துக்கு, ஏழு ஜோடிச் செருப்புகள். பலகை எழுதிய கையாயிற்றே, ஒவ்வொன்றும் துல்லியம். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு வாசலில் ராத்திரி கழற்றிப் போட்ட மாதிரி வரிசையாகக் கிடந்தன. கடைசி ஜோடி சின்னது. அதில் ஒன்றின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்குக்கு மட்டும் வெள்ளைச் சாயம் தொட்டிருந்தார்.

எந்த வருடம், எந்த மாதம் என்று நான் கேட்கவில்லை. இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். 2009 நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. குன்னூர், கோத்தகிரி, உதகை எல்லாப் பக்கமும் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். தன் சொந்தக்காரர்களைத் தேடிப் போனாரா, சும்மா கூடமாட உதவப் போனாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் மண்வெட்டி எடுக்கவில்லை. எனக்குக் கடையிலேயே வேலை இருந்தது. அந்த வாரம் ஒன்பது படங்களுக்குச் சட்டம் போட்டேன். வாக்காளர் அட்டையிலிருந்தும் பள்ளிக்கூடத்துக் குழுப் படத்திலிருந்தும் முகத்தை மட்டும் ஸ்டுடியோவில் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்கள். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் கலங்கிப் போகும். ஒரு பையன் படத்தில் பக்கத்தில் நின்ற பையனின் காது ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. படத்தைச் சுற்றி வைக்கிற அட்டையை, மவுண்ட் போர்டை, அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக விட்டுக் காதை மறைத்துக் கொடுத்தேன். வாங்கியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறைப்பது உதவியாக இருக்கும் என்று நான் கற்றுக்கொண்டது அந்த வாரம்தான். தப்பான பாடமாக இருக்கலாம்.

மற்ற பத்துப் படங்களுக்கும் மவுண்ட் போர்டு இரண்டு நூல்தான் உள்ளே ஏறியிருக்கும். இந்தப் படத்துக்கு மூன்று பக்கம் இரண்டு நூல், கீழே மட்டும் பன்னிரண்டு. அளவுகோலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டது நன்றாக நினைவிருக்கிறது. கை நழுவி வந்த அளவில்லை அது. சீசனில் பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள், எதற்கு அந்தச் செருப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதைத் தினமும் பார்க்க முடியாதவன் நான்தான்; என் மேசை அந்தச் சுவருக்கு நேர் எதிரே. இப்படிச் சொன்னால் மனசு லேசாகிறது, ஆகவே இதையும் முழுதாக நம்ப முடியவில்லை. செருப்பு மறைந்த பிறகு படம் அழகாக இருந்தது என்பதும், அழகாக இருந்தால் விற்கும் என்பதும் அந்த நேரத்தில் எனக்குத் தெரியாமலா இருந்தது?

முதல் இரண்டு நாள் அவர் வரவில்லை. தன் படத்துக்குப் பக்கத்தில் நிற்பது கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் அப்பன் நிற்கிற மாதிரி கூச்சம் என்று சொல்லியிருந்தார். வந்தவர்களுக்கும் பெரிய ஆர்வம் இல்லை. கோத்தகிரிப் பக்கம் குறும்பர்கள் வேங்கைப் பிசினிலும் இலைச்சாற்றிலும் வரைவதைக் கேள்விப்பட்ட இருவர், இது ஆதிவாசி ஓவியமா என்று விசாரித்தார்கள். இல்லை, டீத்தூள் என்றேன். ஏமாந்த முகத்தோடு வர்க்கி எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் வந்தார். பத்துப் படங்களைப் பார்த்த வேகத்திலேயே எட்டாவதையும் தாண்டிப் போனார். பிறகு திரும்பி வந்து, குனிந்து, சட்டத்தின் கீழ் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி.

வெட்டுவது வேறு, மறைப்பது வேறு என்று அவர் நினைத்தார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மறைத்தால் உள்ளே இருக்கிறது, இருந்தால் போதும் என்பதுதான் அந்தச் 'சரி' என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. சட்டத்துக்குக் காசு போட்டவனிடம் அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? பத்து நிமிட வேலை. பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கி, வேறு மவுண்ட் வெட்டி, திரும்ப அடித்திருக்கலாம். 'சரி'க்கும் படம் விற்றதற்கும் நடுவே முழுதாக இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் கடையில் ஈ ஓட்டினேன்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதி வாங்கினார்கள். பனி எவ்வளவு தத்ரூபமாக வந்திருக்கிறது பாருங்கள் என்றார் அந்த அம்மாள். சாப்பாட்டு அறைக்காம். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். நானே செய்தித்தாளும் சணலும் சுற்றி வண்டியில் வைத்துக் கொடுத்தேன். அவர்கள் சாப்பிடும் மேசைக்கு எதிரே, ஒரு அட்டைக்குப் பின்னால், ஏழு ஜோடிச் செருப்புகள் கிடக்கின்றன. சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டார்கள். அல்லது அதற்காகவே வாங்கியிருப்பார்கள், அது இன்னும் மோசம். பில் புத்தகத்தில் அவர்கள் தொலைபேசி எண் இருக்கிறது. இரண்டு முறை அந்தப் பக்கத்தைத் திருப்பினேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வெட்டவில்லை என்றேனே, அது முழு உண்மையில்லை. படங்களைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்ததால் அந்தத் தாளின் கீழ் விளிம்பில் பூஞ்சை பிடித்திருந்தது. கண்ணாடிக்குள் பூஞ்சையோடு போனால் ஒரு மழைக்காலத்தில் படம் முழுக்க ஏறிவிடும். அதை எடுக்காமல் எந்தக் கடைக்காரனும் சட்டம் போட மாட்டான். ஒரு நூல் அளவுக்குச் சீவி எடுத்தேன். வைக்கோல் துரும்பு மாதிரி ஒரு கீற்று, குப்பையோடு போயிற்று. அதில் சாயம் மட்டும் இருந்ததா, ஏதாவது ஒரு செருப்பின் குதிகாலும் இருந்ததா என்று அப்போது பார்க்கவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. தொழிலில் அது வெட்டில் சேராது. அவர் கணக்கில் சேருமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் ஒரு புதிய படத்தோடு வந்தார். இந்த முறை சுருட்டாமல், இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்துக் கொண்டுவந்திருந்தார். நாலு பக்கமும் வெறும் வெள்ளையாகத் தாளை விட்டு, ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டத்துக்குள்ளே மட்டும் வரைந்திருந்தார்.

"ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டிருக்கிறேன் தம்பி. போதுமா?"

டேப்பை எடுத்து நாலு பக்கமும் அளந்தேன். படத்தைப் பிறகுதான் பார்த்தேன்.