பட்டயமும் மண்வெட்டியும்: திருவருகை நாட்குறிப்பு

30 நவம்பர் 2025, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. லண்டனில் எங்கள் ஆலயத்தில் இன்று வேதாகமத்திலிருந்து ஏசாயா தீர்க்கதரிசியின் 2-ஆம் அதிகாரம் வாசித்தார்கள்: "அவர்கள் தங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாகவும், தங்கள் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள்." பட்டயம் என்றால் வாள். வெளியே வந்து கைபேசியைத் திறந்தால் காசா, உக்ரைன், சூடான். பக்கத்தில் நின்ற இளைஞன், "2,700 வருஷமா இதைத்தானே வாசிக்கிறம், அங்கிள்" என்றான். சிரித்துச் சமாளித்தேன்.

2 டிசம்பர், செவ்வாய்

அதே வசனம் மீகா தீர்க்கதரிசியின் 4-ஆம் அதிகாரத்திலும் வருகிறது. அங்கே கூடுதலாக ஒன்று உண்டு: "அவனவன் தன்தன் திராட்சச்செடியின் நிழலிலும், தன்தன் அத்திமரத்தின் நிழலிலும் பயப்படுத்துவார் இல்லாமல் உட்காருவான்." எனக்குப் பட்டயத்தைவிட இதுதான் நெருக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் முற்றத்து மாமரத்தடியில் அம்மம்மா அரிசி புடைத்துக்கொண்டிருப்பா. போர்க்காலத்தில் பொம்மர் விமானச் சத்தம் கேட்டால் சுளகை அப்படியே போட்டுவிட்டுப் பங்கருக்கு, பதுங்குகுழிக்கு, ஓடவேண்டும். நிழலுக்குக் குறைவில்லை, உட்காரத்தான் விடவில்லை.

யோவேல் தீர்க்கதரிசியின் 3-ஆம் அதிகாரம் பட்டய வசனத்தையே தலைகீழாகச் சொல்கிறது, மண்வெட்டியைப் பட்டயமாக அடியுங்கள் என்று. அதையும் மறைக்காமல் வைத்திருக்கிறது வேதாகமம்.

6 டிசம்பர், சனி

பிரிட்டிஷ் மியூசியத்தில் லாகீஸ் முற்றுகைச் சிற்பங்களைப் பார்த்தேன். கி.மு. 701-இல் யூதாவின் லாகீஸ் பட்டணத்தைப் பிடித்த அசீரிய ராஜா சனகெரிப், அதை நினிவே அரண்மனைச் சுவரில் பெருமையாகச் செதுக்கி வைத்தான். மீகாவின் ஊர் அந்தப் பக்கம்தான். முதல் அதிகாரத்தில் லாகீஸைப் பேர் சொல்லியே புலம்புகிறார். மண்மேட்டில் ஏறும் படை, கழுவேற்றப்பட்டவர்கள், எல்லாம் இருக்கிறது. நான் நின்றது மாட்டுவண்டிக்கு முன்னால். வண்டியில் பெண்களும் பிள்ளைகளும். நடந்து வருகிற பெண்களின் தோளில் மூட்டை. 1995-இல் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது நாவற்குழிப் பாலத்தில் நாங்களும் இப்படித்தான்.

சனகெரிப் உயரமான சிங்காசனத்தில் இருந்து பார்க்கிறான். முகத்தைப் பிற்காலத்தில் யாரோ கொத்திவிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

இதே மியூசியத்தில் இன்னொரு சிங்காசனமும் உண்டு, முன்பு பார்த்திருக்கிறேன். துப்பாக்கித் துண்டுகளால் செய்த கதிரை. மொசாம்பிக்கில் 1977-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1992-இல் முடிந்தது. ஆனால் துப்பாக்கிகள் வீடுகளிலும் மண்ணுக்குள்ளும் கிடந்தன. 1995-இல் அங்குள்ள கிறிஸ்தவ சபைகளின் கவுன்சில், ஆங்கிலிக்கன் பேராயர் டினிஸ் செங்குலானே முன்னின்று, ஆயுதத்தைக் கொடுத்தவர்களுக்கு மண்வெட்டி, சைக்கிள், தையல் மெஷின் என்று பதிலுக்குக் கொடுக்கத் தொடங்கியது. வாங்கிய ஆயுதங்களை வெட்டிக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். கெஸ்டர் என்பவர் 2001-இல் செய்தது இந்தக் கதிரை. அதிலுள்ள ஒரு துப்பாக்கிகூட ஆப்பிரிக்காவில் செய்ததல்ல.

முழுச் சமாதானம் கர்த்தர் வரும்போதுதான் என்று விசுவாசிக்கிறேன். அதற்கு அங்கே கொஞ்சம் அச்சாரம் கிடைத்ததாகவே எனக்குப் படுகிறது.

7 டிசம்பர், ஞாயிறு

இன்று ஏசாயா 11, ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்கும் என்ற வசனம். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது அந்தத் தம்பிக்கு மொசாம்பிக் கதையைச் சொன்னேன். உடனே போனில் அந்த நாட்டுக் கொடியைத் தேடிக் காட்டினான்: ஏகே-47உம் மண்வெட்டியும் குறுக்காக. "கொடியிலயே துவக்கு இருக்கே, அங்கிள்?" வடக்கே காபோ டெல்காடோவில் 2017 முதல் மறுபடி சண்டை என்பதையும் கண்டுபிடித்துவிட்டான்.

"ஓம், உண்மைதான். மீகாவும் சமாதான காலத்து ஆள் இல்லையடா" என்றேன்.

அதற்கும் ஏதாவது சொல்வான் என்று பார்த்தேன். "அந்தக் கதிரையை ஒருக்காக் காட்டுவீங்களோ?" என்றான். சனிக்கிழமை போகலாம் என்றேன். முதலில் லாகீஸுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும்.